மணலில் கீறிய நான்கு கட்டங்கள்

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் இருக்கும். புத்தளம் கரைத்தீவில், மன்னாரிலிருந்து வந்து குடியேறிய எங்கள் மக்களின் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாமா மகனுக்கும் எனக்கும் கலியாணம் பேசி, பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்து விஞ்ஞானிகள் குழுவொன்று வந்தது. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயைப் பற்றி மாணவர்களுக்கு விளக்கி, விரும்பியவர்களின் இரத்தத்தையும் சோதிப்பதாகச் சொன்னார்கள். ஊசியைக் கண்டதும் பிள்ளைகள் பின்வாங்கினார்கள். "டீச்சர் முதல்ல குடுக்கட்டும்" என்றாள் ஒரு வாயாடி. நானும் வீறாப்பாகக் கையை நீட்டினேன்.

முடிவைச் சொல்லக் குழுவின் தலைவியே நேரில் வந்தார். மட்டக்களப்புப் பக்கத்துப் பேராசிரியை. எனக்கு நோய் இல்லை, ஆனால் நான் அதன் காவி, அதாவது அதைப் பிள்ளைகளுக்குக் கடத்தக்கூடியவள் என்றார். காவியான இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இதை நான்கு கட்டங்கள் கீறி எத்தனையோ தடவை கரும்பலகையில் விளக்கியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்! அன்றைக்கு என் நினைப்பெல்லாம் மச்சானிடம் ஓடியது. ஒரே குடும்பத்து இரத்தம், மச்சானுக்கும் இருந்துவிட்டால்?

வீட்டில் எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பேராசிரியையையே கூட்டிக்கொண்டு போனேன். மாமா, மாமி, மச்சான் எல்லோரும் வந்திருந்தார்கள். மச்சானையும் சோதிக்க வேண்டும் என்றதும் மாமி கொதித்துப் போனார்.

"கலியாணம் கிட்ட வந்த நேரத்துல, எங்கட பரம்பரையில குறை எண்டா சொல்றீங்க?"

பேராசிரியை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "குறை இல்லம்மா. நானும் காவி, என்ட அவரும் காவி. நாங்க சொந்தக்காரரும் இல்ல. நான் படிப்பிக்கிறதே இதைத்தான். ஆனா எங்கட ரத்தத்தப் பாக்கோணும் எண்டு கலியாணத்துக்கு முந்தி நினைக்கல்ல. இப்ப மகனுக்கு மாசாமாசம் ரத்தம் ஏத்திக்கொண்டிருக்கம்."

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முதல்ல என்ட ரத்தத்த எடுங்க. புறகு மகன்ட."

இந்த மனுஷியே எனக்கு மாமியாராக வர வேண்டும் என்று அன்றைக்குத்தான் உண்மையிலேயே ஆசைப்பட்டேன்.

மச்சானும் காவிதான்.

அது தெரியவந்த அன்று, நுரைச்சோலையில் வேலை முடிந்து வரும் வழியில், எங்கள் வாசல் படலையடியில் மச்சான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "டீச்சர், அந்தக் கட்டத்த எனக்கும் ஒருக்காக் கீறிக் காட்டுங்க" என்றார், வழக்கமான அதே கேலியோடு. ஒரு குச்சியை எடுத்து மணலில் கீறினேன்.

"மூணு நல்லந்தானே?"

"ஓம் மச்சான். ஆனா ஒவ்வொரு புள்ளைக்கும் திரும்பவும் இதே நாலு கட்டந்தான்."

வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். "புள்ளைய வச்சுச் சூது விளையாட ஏலாது" என்றார் கடைசியில். மோட்டார் சைக்கிளின் சில்லு கட்டங்களில் படாமல் ஒதுக்கித் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது. அந்த இடத்திலேயே இருந்து அழுதேன்.

பிறகு இருவருக்கும் வேறு வேறு இடத்தில் கலியாணம் நடந்தது. இரண்டு கலியாணப் பேச்சும் இரத்தச் சோதனையில்தான் தொடங்கியது. அதை முதலில் கேட்டது மாமிதான்! எனக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மச்சானின் மகள் இப்போது எங்கள் பாடசாலையில் படிக்கிறாள். போன வருடப் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் எல்லோரையும் முந்தி ஓடி வந்து, மூச்சிரைக்க என் மேலே மோதி நின்றாள். "மாமி, நான்தான் முதலாவது!"

இன்னும் சில வருடங்களில் அவளுக்கும் அந்த நான்கு கட்டங்களை நான்தான் கீறிக் காட்டப்போகிறேன். தன் வீட்டு வேதனையை முன்பின் தெரியாத எங்களிடம் அந்தத் தாய் சொல்லாமல் போயிருந்தால் என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது; மச்சானை விட்டுக்கொடுத்த வலியெல்லாம் அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது.