எச்.எஃப். பாட்டில் திறக்கிற நாள்

லேப் வேலை என்றால் ஏசியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று என் சொந்தக்காரர்கள் நினைக்கிறார்கள். ஒரு பாட்டில் மூடியைத் திருகுவதற்கு என்ன பாடு படுகிறோம் என்பது, அமிலத்தோடு குப்பை கொட்டும் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

நாலு பக்கம்

நத்தம் ரோட்டில் மணலும் கல்லும் சோதிக்கிற சின்ன லேப் எங்களுடையது. மணலைக் கரைக்க ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வேண்டும், சுருக்கமாக எச்.எஃப். சனியன், தோலில் பட்டால் சில நேரம் உடனே எரியாது. எரியத் தொடங்கும்போது எலும்புவரை இறங்கியிருக்கும். அதிகம் பட்டால் இதயமே நின்றுபோகும்.

அதனால் எவ்வளவு எடுக்கிறோம், பக்கத்தில் யார் நிற்பது, பட்டால் என்ன செய்வது என்று முன்கூட்டியே நாலு பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் டிக் போட வேண்டும். எழுதுவது நான். கையெழுத்துப் போடும்போதெல்லாம் முதலாளி சொல்வார்: "ஏம்மா அமுதா, கல்யாணப் பத்திரிகைகூட இம்புட்டு எழுத மாட்டாங்களே!"

எந்த ஆஸ்பத்திரி?

தாளில் இப்படி ஒரு கட்டம் உண்டு. பக்கத்துத் தெரு நர்சிங்ஹோமுக்கு நேரிலேயே போய், இந்த அமிலத்தை முறிக்கிற கால்சியம் களிம்பு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். நர்ஸம்மா சிரித்த முகமாய்ச் சொன்னார்: "ஊசி இருக்கு, களிம்பு இல்லம்மா. வரும்போது நீங்களே கையோட கொண்டாந்துருங்க."

டியூப்

களிம்பு வாங்கி லேப்பின் சிவப்பு முதலுதவிப் பெட்டியில் வைத்தேன். ஒருநாள் எச்.எஃப். எடுத்தவர் ஆரோக்கியம் அண்ணன், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். பக்கத்தில் நான். வேலை முடிந்து கையுறையைக் கழற்றியவர், "உள்ள ஈரமா இருக்கே?" என்றார். ஊசிமுனை ஓட்டை! எரியவில்லை என்றார். எரியாததுதான் ஆபத்து.

குழாயடியில் நிறுத்திக் கழுவவிட்டு, நானும் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தால், டியூப் கழுத்துவரை சுருட்டியிருக்கிறது. கத்தரிக்கோலால் கிழித்து, ஒட்டியிருந்ததை வழித்துத் தடவி, ஆட்டோவில் ஏற்றினேன். பாதி வழியில் வலி தொடங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் கேட்டார்: "வெரலு தங்குமா அமுதா?"

பித்தவெடிப்பு

ஊசி போட்டார்கள். விரல் தப்பித்தது. திரும்பி வந்து டியூபை எடுத்தது யாரென்று நான் போட்ட கூச்சலில், லேப்பில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற செல்வி அக்கா பாதத்தைத் தூக்கிக் காட்டினார்: "பித்தவெடிப்புக்கு நல்லாக் கேக்குது அமுதா, மூணு மாசமா அதத்தான் போடுறேன்."

டிக்

ஒரு வாரம் கழித்துக் கட்டுப்போட்ட விரலோடு வந்த அண்ணன், செல்வி அக்காவைத் தாண்டி நேரே என்னிடம் வந்தார். விபத்து நடந்த நாளின் தாளைக் கேட்டார். 'களிம்பு தயார்' என்று என் கையால் போட்ட டிக். அந்த மூன்று மாதத்தில் ஒருமுறைகூடப் பெட்டியை நான் திறந்து பார்த்ததில்லை. வெட்கத்தில் அழுதுவிட்டேன். தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "நீ எழுதியிருக்கேன்னு நம்பித்தான் தாயி நான் கைய வச்சேன்."

என்னைக் கேட்டால், இப்போதெல்லாம் அந்த அமிலத்தைவிட என் பேனாவைக் கண்டால்தான் எனக்குப் பயம்.