நம்பர் இல்லாத சாணைக்கல்

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் நூற்று அறுபதாவது பிரிவு தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரு பொருளைக் குறித்த காலத்துக்கு இரவல் வாங்கியவன், காலம் முடிந்ததும், உரியவர் கேட்காமலேயே அதைத் திருப்பித் தரவேண்டும். இதுபோன்ற பிரிவுகளைப் பிறர்மேல் ஏவியே பணிக்காலம் முழுவதும் சம்பளம் வாங்கியவன் நான். இரண்டு நாளுக்கென்று வாங்கிய ஒரு சாணைக்கல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஓய்வு பெற்றவர்களுக்கு நடைப்பயிற்சி விதிக்கப்பட்டிருக்கிறது. எனக்குச் சவரக்கத்தி வாய்த்தது. பிளேடு மாட்டுகிற வகை அல்ல. தீட்டித் தீட்டிப் பயன்படுத்தும் மடக்குக்கத்தி. ஐந்து வைத்திருந்தேன். கத்தி எளிதில் கிடைத்துவிடும், கல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் பாடு. ஆயிரம் நம்பர் கல் மழுங்கிய விளிம்பை நேராக்கும். நாலாயிரம், ஆயிரம் போட்ட கீறல்களை அழிக்கும். எட்டாயிரம் மெருகேற்றும். கீழ்ப்படியில் வேலை முடியாமல் மேல்படிக்குப் போனால் எதுவும் நகராது. கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கூர்மையைச் சோதிக்க, தொங்கும் ஒற்றை முடியை விளிம்பில் வைத்தால் அது தானாக அறுந்து விழவேண்டும். என் தலையில் அதற்கு வழியில்லாததால் மனைவியின் சீப்பிலிருந்து எடுத்துக்கொள்வேன். "முடி கொட்டுதேன்னு நான் கவலைப்படுறேன், நீங்க அதுக்குப் பரிட்சை வச்சுப் பெயிலாக்குறீக" என்பாள்.

எட்டாயிரத்துக்குப் பிறகும் கத்தி தாடையில் லேசாக இழுத்தது. அதற்கும் மேலே ஒரு கல் தேவைப்பட்டது.

சின்னமனூரில், மேகமலைக்கு ஜீப் புறப்படும் இடத்துக்கு எதிரே ஒரு சலூன் இருந்தது. அதை நடத்தியவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மற்றவர்களைப் போல அவரும் ஒடித்துப் பிடியில் செருகும் பாதி பிளேடுக்கு மாறிப் பல காலம் ஆகியிருந்தது. ஆனால் ஒருநாள் சீப்பு எடுக்க அவர் இழுப்பறையைத் திறந்தபோது, உள்ளே ஒரு பழைய மடக்குக்கத்தியும், துணியில் பாதி சுற்றிய கறுப்புக் கல் ஒன்றும் தெரிந்தன. கல்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கை நீளம். விரலை வைத்தால் எதன்மீதும் வைத்ததாகவே தெரியவில்லை. இது என்ன நம்பர் என்று கேட்டேன்.

"அதுக்கு நம்பரெல்லாம் இல்ல சார். அது செத்தவுகளுக்கு."

இறந்தவரைக் குளிப்பாட்டும் முன் முகம் மழிக்கும் வழக்கமுள்ள வீடுகளுக்கு அவர்தான் போய்வந்தார். அதற்கு எதற்குத் தனிக் கல், எட்டாயிரமே அதிகம்தானே என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"உசுரோட இருக்கிறவுக கத்தி இழுத்தா சொல்லிப்புடுவாக. அவுக சொல்ல மாட்டாகள்ல? அதான் இருக்கிறதுலயே நல்ல கல்லு அவுகளுக்கு."

இரவல் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தை, வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல் இல்லாமல், அளவெடுப்பதுபோல் பார்த்தார். அந்தக் கல்லைக் கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை என்றார். தரக்கூடாது என்றும் யாரும் சொல்லிவைக்கவில்லையாம். இரண்டு நாளில் கொண்டுவந்துவிட வேண்டும், எப்போது ஆள் வரும் என்று தெரியாது என்றார். நான் முறைப்படி ஒரு ரசீது எழுதினேன்: பொருளின் விவரம், திருப்பித் தரும் நாள், கையொப்பம். கல்லுக்குப் பத்திரமா என்று சிரித்துக்கொண்டே அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

நல்ல கத்திக்கும் ஒரு சத்தம் உண்டு. உப்புத்தாளால் மெல்லத் தேய்ப்பது போன்ற சத்தம். அந்தக் கல்லில் தீட்டிய கத்தியில் அது இல்லை. கன்னத்தில் எதுவும் படவில்லை. கண்ணாடிக்குள் யாருக்கோ சவரம் நடந்துகொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்தபின் காப்பி கொண்டுவந்த மனைவியின் விரல் தற்செயலாக என் கன்னத்தில் பட்டு விலகியது. தண்ணீரில் கிடந்தவன்போல் இருக்கிறேன் என்றாள்.

அன்றே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ஐந்து கத்திகளையும் தீட்டி முடிக்கும் ஆசை. மற்ற கற்கள் எங்கள் கம்பம் பள்ளத்தாக்குக் காற்றில் அரைமணியில் உலர்ந்துவிடும். இது காலையில் நனைத்தால் சாயங்காலமும் ஈரமாகவே இருந்தது. உலர்ந்த பிறகு கொடுப்போம் என்று எனக்கு நானே அவகாசம் நீட்டித்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் காலை, தன் சலூனில், வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இறந்துபோனார்.

கல்லைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பிற்பகலில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டப்பனையில் சலூன் வைத்திருக்கும் ஒரே மகன் வந்துசேர்ந்து, முற்றத்துப் பெஞ்சில் கிடத்தியிருந்த தகப்பனின் முகத்துக்கு நுரை தடவிக்கொண்டிருந்தார். பழைய கத்தி கையில் இருந்தது. அதைத் தீட்டக் கல் இல்லை.

"கல்லு எங்கனம்மா?" என்று தாயிடம் கேட்டார்.

"எனக்கென்னய்யா தெரியும். அவுகதான் வச்சிருந்தாக."

நான் ஆறடி தள்ளி நின்றேன். கொடுத்தவர் இறந்துவிட்டால் பொருளைச் சட்டப்படியான வாரிசிடம் ஒப்படைக்க வேண்டும். வாரிசு யார் என்பதற்குச் சான்றிதழ் வேண்டும். அந்த நேரத்தில் என் மூளை எடுத்துக்கொடுத்தது இதைத்தான். உண்மையில் அத்தனை பேர் முன்னால் பையைத் திறக்க எனக்கு வெட்கமாக இருந்தது. மகன் கத்தியை வைத்துவிட்டுப் பாதி பிளேடை எடுத்தார். இடது காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில், அது இழுத்தது. பெஞ்சில் கிடந்தவர் சொல்லவில்லை. இரத்தம் வரவில்லை, ஒரு கோடு மட்டும் விழுந்து, மெதுவாகக் கறுத்தது.

பையோடு வீட்டுக்குத் திரும்பினேன்.

அதன்பிறகு அந்தக் கல்லைத் தொடவில்லை. ஆயிரம், நாலாயிரம், எட்டாயிரம் என்று பழைய வரிசைக்கே திரும்பினேன். காரியம் முடிந்த மறுநாள், இடது காதுக்குக் கீழே வெட்டிக்கொண்டேன். எரியவில்லை. பஞ்சை வைத்து அழுத்தினேன். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கோடு இருந்தது. சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டது. மனைவியிடம் சொன்னால் மருத்துவரிடம் இழுத்துப்போவாள் என்று தாடி வளர்க்கத் தொடங்கினேன். வயதுக்குப் பொருந்துகிறது என்றார்கள்.

அந்த வாரமே மகனுக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். நடந்ததை மறைக்காமல் சொல்லி, முற்றத்தில் நான் வாய் திறக்காததற்கு மன்னிப்புக் கேட்டு, கல்லை எப்போது, எங்கே ஒப்படைக்கலாம் என்று கேட்டிருந்தேன். கையொப்பமிட்ட ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, பதில் வரவில்லை. மாதம் ஒன்றாக மூன்று நினைவூட்டல்கள் அனுப்பினேன். நேரிலேயே போய்க் கொடுத்திருக்கலாம். கம்பத்தைத் தாண்டினால் சில மணி நேரம்தான். கல்லை எடுக்கும்போதெல்லாம் அது ஈரமாக இருந்தது. நனைத்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

கடைசியில் ஓர் உள்நாட்டு அஞ்சல் கடிதம் வந்தது. கோபம் எதுவும் இல்லை. கோபம் இருந்திருந்தால் படித்துவிட்டு நன்றாகத் தூங்கியிருப்பேன்.

"ஐயா, உங்க ரசீது அப்பா சட்டைப்பையில இருந்துச்சு. வருத்தப்படாதீக. கல்லு உங்ககிட்டயே இருக்கட்டும். தேவைப்படுற அன்னைக்கு உங்க வீட்டுக்கு நானே வர்றேன். அப்பாவுக்கு ஆன மாதிரி உங்களுக்கு ஆகாமப் பாத்துக்கிடுறேன். கல்லு எங்கன இருக்குன்னு மட்டும் வீட்டுல சொல்லி வையுங்க."

மனைவியைக் கூப்பிட்டு, அலமாரியின் மேல்தட்டைக் காட்டினேன். எதற்கு என்று கேட்டாள். தேவைப்படும்போது ஆள் வரும் என்றேன். பிறகு பழக்கதோஷத்தில் கடிதத்தின் ஓரத்தில் பெற்ற நாளைக் குறித்துச் சுருக்கொப்பமிட்டேன்.