பம்ப் அக்கா போட்ட இரண்டு கையெழுத்து

நகராட்சிக் குடிநீர் நிலையத்தில் முப்பத்து மூன்று வருடம் மோட்டார் ஓட்டியவரை எல்லோரும் பம்ப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். தையல்காரரான அவர் கணவர்கூட நாலு பேர் இருக்கும் இடத்தில் ‘பம்ப்...’ என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொள்வார்.

மோட்டார் சத்தத்தில் சின்ன இழுப்பு கேட்டாலே பேரிங் போகப்போகிறது என்று அக்கா சொல்லிவிடுவார். அழுத்தமானியின் முள் துடிப்பதை வைத்து எந்தத் தெருவில் குழாய் உடைந்திருக்கும் என்று கணிப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிக் குரல் கனத்துப்போயிருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் அவரைச் சங்கச் செயலாளர் ஆக்கினார்கள் என்று ஒரு கேலி உண்டு. உண்மையான காரணம் வேறு. அவர் சொன்னால் ஆட்கள் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு தடவை நல்ல வேலை வந்தது. ஓய்வு பெறுவதற்குப் பதிமூன்று வருடம் முன்பு தொழிலாளர்கள் சம்பள உயர்வு கேட்டார்கள். ஆணையர் அக்காவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கையில் காசில்லை, ஐந்து வருடத்துக்குச் சம்பளத்தை இப்படியே விட்டுவிடுங்கள், பதிலுக்குப் பென்ஷனைக் கூட்டித் தருகிறோம் என்றார். தொழிலாளியிடம் பிடிக்கும் தொகைக்குச் சமமாக நகராட்சியும் நிதியில் போடும், எல்லாம் எழுத்தில் இருக்கும் என்றார்.

அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. உழைக்கிற காலத்தில் எப்படியாவது ஓட்டிவிடலாம், உட்கார்ந்த பிறகுதானே கஷ்டம் என்று நினைத்தார். குழாய்க் கிடங்கில் கூட்டம் போட்டு எடுத்துச் சொன்னார். உடைந்த குழாய்களைத் தோண்டி எடுக்கும் குழிக்காரர் மட்டும் மசியவில்லை. அவருக்கு மூன்று பிள்ளைகள், ஒரே அறை வீடு. இன்றைக்குக் கையில் வருவதை விட்டுவிட்டுப் பத்து வருடம் கழித்து வருவதைப் பிடிக்கச் சொல்கிறாயே என்று கேட்டார்.

“நான் இருக்கேன்ல? கையெழுத்துப் போட்டுடுங்க” என்றார் அக்கா.

குழிக்காரர் போட்டார். அக்கா சங்கத்தின் சார்பில் கையெழுத்திட்டார். ஆணையர் எழுந்து நின்று கைகுலுக்கினார்.

பிறகு நடந்தது யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. நகராட்சி முதல் வருடம் தன் பங்கைப் போட்டது. இரண்டாம் வருடம் பாதி. அதன்பின் ‘அடுத்த நிதியாண்டில் சரிசெய்யப்படும்’ என்ற ஒரே வரி ஒன்பது ஆண்டறிக்கைகளில் வந்தது. அதே காலத்தில்தான் கண்ணாடிச் சுவர் வைத்த புதிய அலுவலகம் கடன் வாங்கிக் கட்டப்பட்டது. அக்கா இரண்டு முறை கடிதம் கொடுத்தார். நகராட்சி ஓடியா போய்விடும் என்று கணக்குப் பிரிவில் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு வந்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்றார். நான்கு வருடம் பென்ஷன் ஒழுங்காக வந்தது. கணவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனபோது, அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த மாதம் வங்கியில் பணம் ஏறவில்லை. கண்ணாடி அலுவலகத்தின் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நிதி தீர்ந்துவிட்டது, மறு அறிவிப்பு வரும்வரை மூன்றில் ஒரு பங்கு மட்டுமே வழங்கப்படும் என்று இருந்தது. எழுநூறு பேர் வெயிலில் நின்று அதையே திரும்பத் திரும்பப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்கள். குழிக்காரர் யாரையும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் அக்காவைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

கண் ஆபரேஷன் தள்ளிப்போனது. முகூர்த்த ரவிக்கை தைக்கிற வயசா எனக்கு, தட்டுல இருக்கறது தெரிஞ்சா போதும் என்று கணவர் கேலி பேசினார். அக்கா சிரிக்கவில்லை.

அரசாங்கம் நகராட்சியைக் கைதூக்கிவிட வேண்டுமா என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியது. ஒன்றைக் காப்பாற்றினால் மற்ற நகராட்சிகளும் பணம் போடுவதை நிறுத்திவிட்டுக் கையேந்தி நிற்கும் என்றார்கள் ஒரு சாரார். வயதானவர்களைத் தெருவில் விடுவதா என்றார்கள் இன்னொரு சாரார். தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட ஒருவர், பொறுப்பில்லாமல் இருந்தவர்களுக்கு இது பாடம் என்றார். அவர் சொன்னது தன்னைத்தான் என்று புரிய அக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டயர் கடை வைத்திருந்த அவருடைய தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அக்காமேல் உயிர். அன்றைக்கும் மாமாவின் கண்ணுக்கென்று ஒரு உறையில் பணம் கொண்டு வந்திருந்தார். ஆனால் பேச்சு இதில் வந்து நின்றபோது அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

“உனக்குக் குடுக்கறது வேறக்கா. இது வேற. எனக்குப் பென்ஷன் கிடையாது. கடைல ரெண்டு பேர் இருக்காங்க, அவங்களுக்கும் கிடையாது. நாங்க கட்டற வரியில எழுநூறு பேருக்குப் பென்ஷன் எதுக்கு?”

“நான் உன்னைக் கேக்கலையேடா. என் சம்பளத்துல பிடிச்சதைத்தான் கேக்கறேன்.”

“அதான் இல்லையே. தின்னவன் தின்னுட்டுப் போயிட்டான். இப்ப கேட்டா குடுக்க வேண்டிய இடத்துல நாங்கதான் இருக்கோம்.”

தம்பி சொன்னது தப்பென்று இருந்திருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். அவன் பக்கமும் நியாயம் இருந்தது, தன் பக்கமும் இருந்தது. நியாயம் இல்லாதவன் மட்டும் அந்த அறையில் இல்லை. தம்பி உறையைக் கட்டிலில் வைத்தார். அக்கா எடுத்து அவர் சட்டைப் பையில் செருகிவிட்டார். வெகுநாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் இழுத்தடித்து அரசாங்கம் ஒரு வழி சொன்னது. நிதியில் விழுந்த பள்ளத்தை அரசு நிரப்பும். ஆனால் ஓய்வு பெற்றவர்கள் பத்தில் நாலு பங்கை நிரந்தரமாக விட்டுக்கொடுக்க வேண்டும், வழக்குப் போடுவதில்லை என்று எழுதித் தர வேண்டும். மூன்றில் இரண்டு பேர் சம்மதித்தால்தான் பணம் வரும். இதை விளக்க நிதித்துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி அக்காவின் வீட்டுக்கே வந்தார். மரியாதையாகப் பேசினார். நீங்கள் சொன்னால் கேட்பார்களாமே என்றார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினாறு பக்கத்தையும் படித்தார். நகராட்சி கண்ணாடிக் கட்டடத்துக்கு வாங்கிய கடன் வட்டியோடு முழுதாகத் திருப்பித் தரப்படும் என்று பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.

“கடன் குடுத்தவங்களுக்கு மட்டும் ஏன் நாலு பங்கு வெட்டலை?” என்று கேட்டார்.

அவர்களை வெட்டினால் நாளைக்கு எந்த நகராட்சிக்கும் யாரும் கடன் தரமாட்டார்கள் என்றார் அதிகாரி.

“நாங்க மட்டும் நாளைக்கு வந்து பம்ப் ஓட்டிடுவோமா?”

அந்த ஆணையர் இப்போது எங்கே என்று அக்கா விசாரித்தார். அவர் அரசுப் பணியிலிருந்து வந்தவர், அவருடைய பென்ஷன் வேறு நிதி, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது.

கூட்டம் அதே குழாய்க் கிடங்கில்தான் நடந்தது. பாதிப் பேர் ஊன்றுகோலோடு வந்திருந்தார்கள். அக்கா காகிதத்தை வரி வரியாக விளக்கினார். மறுத்தால் என்ன ஆகும், சம்மதித்தால் என்ன போகும் என்று சொன்னார். போன தடவை பாதிதான் படித்தேன், அது என் தப்பு என்பதையும் சொன்னார். குரல் அப்போதும் கனமாகத்தான் இருந்தது. கடைசியில், போடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ இந்த முறை நான் சொல்லப்போவதில்லை, அவரவர் முடிவு என்று முடித்தார்.

பின்வரிசையிலிருந்து குழிக்காரர் எழுந்தார்.

“அன்னிக்கு ‘நான் இருக்கேன்’னு சொன்னே. இன்னிக்கு எதுவும் சொல்லமாட்டேங்கறே. ரெண்டுமே உனக்கு வசதியாத்தான்க்கா இருக்கு.”

கிடங்கில் யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. அக்கா மேசைக்குப் போய், எல்லோரும் பார்க்கும்படி முதல் ஆளாகக் கையெழுத்திட்டார். “வேற வழி எனக்குத் தெரியலை. போட்டுட்டேன். திட்டறவங்க திட்டிக்கலாம்” என்றார். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். குழிக்காரரும் வந்து போட்டார். பேனாவை அக்காவின் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பணம் வந்தது. பத்துக்கு ஆறு. கணவருக்கு ஒரு கண்ணில் மட்டும் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். நகராட்சி நிமிர்ந்துவிட்டது, இது ஒரு வெற்றிக் கதை என்று அரசு அறிக்கை விட்டது. பம்ப் ஹவுஸ் ஒப்பந்தக்காரரிடம் போனது. அவருடைய ஆட்களுக்குப் பென்ஷன் என்ற பேச்சே கிடையாது. பிரச்சினையை வேரோடு பிடுங்கிவிட்டோம் என்று அறிக்கையில் அதையும் பெருமையாக எழுதியிருந்தார்கள்.

அடுத்த கோடையில் கடைத்தெரு முனையில் ஒரு குழாய் உடைந்தது. அந்த வழியாகப் போன அக்கா, இடுப்பளவு குழியில் ஒரு வெள்ளைத் தலை குனிந்திருப்பதைப் பார்த்தார். அறுபத்தாறு வயதில் குழிக்காரர் நாள்கூலிக்குத் தோண்டிக்கொண்டிருந்தார். அக்கா மண்மேட்டின் பக்கத்தில் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல், வால்வை இன்னும் மூடலையா என்று கேட்டார். பம்ப் ஹவுஸில் போனை எடுக்க ஆளில்லை என்றார் அவர், நிமிராமல்.

அக்கா குடையை மடக்கி அவர் தலைக்கு மேலே பிடிக்கப் போனார்.

“வேணாம். மண்ணு தெறிக்கும், தள்ளி நில்லு” என்றார் குழிக்காரர்.

அக்கா தள்ளி நின்றார். தண்ணீர் நிற்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அக்கா அங்கேயே நின்றார்.