பூசைக்கு நடுவே கேட்ட குரல்

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், வானொலி வேலையை நானாகவே கற்றவன். எங்கள் வானொலி ஆர்வலர்களின் இணையதளத்தில் என் சொல்லுக்குத் தனி மதிப்பு. ‘சின்னப் பவர் ஒலிபரப்புக்குச் சட்டம் கிடையாது’ என்று அதில் எழுதியவனும் நான்தான். புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மல்வேர்னில், என் மாடிவீட்டுப் பல்கனியில் ஒலிபரப்புக் கம்பி கட்டி, ஞாயிறு காலைகளில் என் வாழ்க்கைக் கதையை ஒலிபரப்பினேன்.

கீழ்வீட்டுக்குப் புதிதாக வந்த மன்னார்க்காரர் ஒருநாள் தன் வானொலியோடு வந்தார்.

“அண்ணை, உந்த றேடியோவை ஒருக்காப் பாருங்கோ. என்ர மனுசி வருத்தமாப் படுக்கையில. றேடியோவில சேர்ச் பூசை கேட்டால்தான் அவவுக்கு ஞாயிறு. இப்ப பூசைக்கு நடுவில ஆரோ ஒருத்தன் தன்ர வீரத்தை அளக்கிறான்.”

வானொலியில் ஒரு பழுதும் இல்லை. இருந்தும் கழற்றிப் பூட்டிக் கொடுத்தேன். அவர் போனதும் பல்கனியில் கட்டியிருந்த என் கம்பியை அவிழ்த்தேன். பிறகு அரசாங்க விதிகளை எழுத்துக் கூட்டி வாசித்தேன். சின்னப் பவருக்கும் சட்டம் இருந்தது. அலை எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பலமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. தளத்தில் என் வரியை அழித்து, அந்த விதிகளைப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் கேக்கோடு வந்தார்.

“உங்கட கை ராசியான கை, அண்ணை. மனுசி முழுப் பூசையும் கேட்டவ.”

“ஓம்” என்று தலையாட்டினேன்.

வாங்கிய பாராட்டையெல்லாம் ஊருக்குச் சொல்லித் திரிபவன் நான். அந்த ஒன்றை மட்டும் இன்றுதான் சொல்கிறேன்.