படுதாவில் வந்த படகு

தச்சநல்லூரில் ஒரு பள்ளி ஆண்டு விழாவிலிருந்து பாதியில் எழுந்து நடந்துகொண்டிருந்தேன். நான் குடியிருக்கும் வீட்டுக்காரரின் மகள் மீனவப் பெண்ணாக நடிக்கிறாள் என்று கூட்டிப்போயிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு மின்திரை. அதில் கடல் அசைந்தது, நுரைத்தது, மீன்கூடத் துள்ளியது. பிள்ளை பாவம், அதன் முன்னால் நின்று யார் கண்ணிலும் படாமல் ஆடிக்கொண்டிருந்தாள். திரையைக் குறை சொல்லவில்லை. குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை, அதுதான் எனக்கு ஒருமாதிரி இருந்தது.

வழியில் பூட்டிய கடை ஒன்றின் கதவுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த வாசனை போதும், கால் தச்சநல்லூரில் நடக்க, மனம் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊருக்குப் போய்விட்டது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓட்டலில் இலை எடுத்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், ராதாபுரம் பக்கம் பனை ஓலை சுமந்தேன். எதிலும் ஆறு மாதம் நின்றதில்லை. அப்புறம் ஒரு நாடகக் குழுவில் படுதா வரையும் ஆளானேன். மேடையின் பின்னால் தொங்குமே, அரண்மனை, காடு, தெரு என்று, அந்தத் துணிகள்தான். தாமிரபரணிக் கரையில் பிறந்தவனைக் கடல் வரையச் சொன்னார் குழுத் தலைவர். வரைந்தேன். அலையெல்லாம் ஆற்று வெள்ளம் போல ஒரே பக்கமாக ஓடியது. நடுவில் இரண்டு முனையும் கூராக ஒரு பாய்மரப் படகு, இடது ஓரத்தில் கரை. எனக்கே என் கையை முத்தமிடத் தோன்றியது.

அந்த ஊர் மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் நாடகம். முதல் நாள் வணிகன் மனைவியிடம் விடைபெற்றுக் கடலுக்குப் போகிறான். படுதா இறங்கியதும் கூட்டம் சிரித்தது. எனக்குப் புரியவில்லை.

"ஏலே, பாய் கெழக்க இழுக்கு, கொடி மேக்க பறக்கு. ஒரே படகுக்கு ரெண்டு காத்தா வே?" என்றார் முன்வரிசைப் பெரியவர் ஒருவர். அதற்குப் பிறகு வணிகனின் பிரிவுத் துயரம் எடுபடுமா?

"கொடிய மட்டும் திருப்பி வரைஞ்சிரு," என்றார் தலைவர். "நாளைக்கு அவன் செத்த சேதி வருது. சனம் அழணும்."

மறுநாள் படுதாவை மணலில் விரித்து வைத்திருந்தேன். மீன்கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். கூடவே அவள் தம்பி. அவள் கணவர் கடலுக்குப் போய் இரண்டு வருடம். படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இறந்தவருக்கு வைக்கும் பூசையை வைத்துவிடலாம் என்று ஊரே சொல்ல, அவள் ஒருத்தி மாட்டேன் என்றிருந்தாள்.

"தம்பி, கொடிய மாத்தாத. பாயத் திருப்பு," என்றாள் என்னிடம்.

"திருப்பினா படகு கரைக்கு வருமேக்கா."

"வரட்டும்."

அவள் தம்பி என்னைத் தள்ளிக் கூட்டிப்போனான். "அண்ணாச்சி, வீண் ஆசை காட்டாதிய. அவ தெனமும் கரையில போய் நிக்கா. சோறுகூட ஒழுங்காத் திங்க மாட்டக்கா."

அவன் சொன்னதுதான் நியாயம். ஆனால் அவள் நகரவில்லை. நான் பாயைத் திருப்பினேன்.

அன்று மாலை வணிகனின் மனைவி தலைவிரிகோலமாக விழுந்து அழுதாள். அவளுக்குப் பின்னால் படகு கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு கிழவி எழுந்தாள். "தாயி, அழாத. அங்கன பாரு, படகு வருது." பிறகு ஒவ்வொருவராக. "கெழக்குக் காத்துதான், இன்னும் ஒரு நாழியில வந்துரும்." கடலில் பாதி வாழ்நாள் கழித்த ஆண்கள் துணியில் இருந்த படகுக்குத் தூரம் கணக்குப் போட்டார்கள். நடிகை அழுவதா எழுவதா என்று தெரியாமல் கிடந்தாள். மீன்காரப் பெண் மட்டும் படகைப் பார்க்காமல், பார்த்துக்கொண்டிருந்த ஊரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"ஏலே, மேடையில அவ புருசன் செத்துட்டான்னு அழுதா. ஊரு அவளுக்கு ஆறுதல் சொல்லுது. நாளையிலேருந்து நீ வராண்டாம்," என்றார் தலைவர். அவருடைய வேன் நான் இல்லாமலே கிளம்பியது. வருத்தமில்லை, எப்படியும் ஆறு மாதம் ஆகியிருந்தது.

அந்த மேடை நின்ற மணலைக் கடல் எடுத்துக்கொண்டது. பாய் கட்டிய படகும் அந்தப் பக்கம் இப்போது இல்லை. எல்லாம் இயந்திரப் படகு, பெயர்கூட ஒட்டுத்தாளில். படுதாவுக்குக் காற்று எந்தப் பக்கம் என்று சண்டை போட்ட கூட்டமும் எங்கோ போய்விட்டது.

நாடகத்துக்கு மறுநாள் விடிந்ததும் கோயில் மதிலோரம் படுத்திருந்த என்னை அவள் எழுப்பினாள். முகம் கழுவி, தலை சீவியிருந்தாள்.

"ரெண்டு வருசமா என் கண்ணுக்கு மட்டுந்தான் அந்தப் படகு வந்துச்சு. நேத்து எல்லாரும் பாத்துட்டாவ. போதும், தம்பி. கோயில் சாமியார்ட்ட பூசைக்குச் சொல்லிட்டேன்."

அவள் தம்பி புதுப் படகு ஒன்றைக் கட்டி முடித்துக் கரையில் ஏற்றி வைத்திருந்தான். அக்காள் கணவர் பெயரை அதற்கு வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அவள் சம்மதிக்காததால் பெயர் இல்லாமலே கிடந்தது. இரண்டு பக்கமும் பெயர் எழுத வேண்டும், கூலி மூன்று வேளைச் சாப்பாடு. சரி என்றேன்.

தூரிகையை நனைத்துக்கொண்டு என்ன பெயர் என்று கேட்டேன். அந்த ஊரில் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்வதில்லை. தம்பி வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள்.

"சூசை."

முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டேன்.