கவாவுக்குத் தட்டிய கை

தீவின் தலைநகரான சுவாவில் எங்கள் குடியிருப்பு அலையாத்திக் காட்டை ஒட்டி இருக்கிறது. அகனேதா அந்தக் காட்டில் நண்டு பிடித்து விற்கிறவள். கூட்டம் என்றால் வாயே திறக்கமாட்டாள்.

போன மாதம் ரேடியோவில் சொன்னார்கள், காட்டைத் தூர்த்துச் சாலை போடப்போகிறார்களாம், நாங்கள் கைதட்டி வரவேற்றோமாம். நடந்தது வேறு. மெல்பர்னிலிருந்து வந்த திட்ட அதிகாரிக்கு நாங்கள் வேரை இடித்துக் கரைத்த கவா பானத்தைச் சிரட்டையில் கொடுத்தோம். யார் சிரட்டையைக் காலி செய்தாலும் மூன்று தரம் கைதட்டுவது எங்கள் மரியாதை. அந்தப் புண்ணியவான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்!

நேற்று மறுபடி வந்தார். சாலையைப் பற்றிப் பேசி முடித்துச் சிரட்டையை வாங்கினார். அகனேதா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள்.

அவர் குடித்தார். பழக்கதோஷம், நாங்கள் தட்டிவிட்டோம். அவள் தட்டவில்லை.

"தட்டுடி, மானம் போகுது," என்று அவள் காதில் சீறினான் புருஷன் செமி.

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"ஐயா, அத எழுதாதீங்க," என்றாள் அகனேதா. "நீங்க குடிச்சதுக்குத்தான் தட்டினாங்க, ரோட்டுக்கு இல்ல. காட்ட மூடிட்டா நண்டு எங்க போகும்? நாங்க எங்க போவோம்?"

ஊர்ப் பெரியவரின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் உள்ளங்கைகளைக் குவித்து, அவளைப் பார்த்து மூன்று தரம் தட்டினார். நாங்களும் தட்டினோம். செமியும் தட்டினான்.

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"இது எதுக்கு?" என்று கேட்டார்.

அப்போதுதான் முதல் தடவையாக எங்களிடம் கேட்டார்.