கேரவன் விற்கப் போனேன்

கேரவன் விற்கிறேன் என்று சொன்னால் ஊரில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் படப்பிடிப்பில் நடிகர்கள் மேக்கப் போடும் வண்டியைத்தான் நினைக்கிறார்கள். பெரியம்மா மகன் போன் போட்டு, எந்த நடிகைக்கு என்றே கேட்டுவிட்டான். நான் விற்பது வேறு. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி, கடற்கரைக்கோ காட்டுக்கோ இழுத்துப் போய், உள்ளே படுத்துத் தூங்குகிற சின்னப் பெட்டி வீடு. அதிலும் எங்கள் யார்டில், அதாவது வண்டிகளை வரிசையாக நிறுத்தி விற்கும் திடலில், இருப்பவை எடை குறைந்த ரகம்.

சாஃப்ட்வேர் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்து நான் ஆஸ்திரேலியாவில், கிரெய்கிபர்ன் என்ற புறநகரில் இருக்கும் வீட்டில் சும்மா இருந்தபோது, பக்கத்து நெடுஞ்சாலையில் யார்டு வைத்திருக்கும் காலின் என்னைச் சேர்த்துக்கொண்டார். இந்தப் பக்கம் தமிழர்கள் நிறைய குடிவருகிறார்கள், அவர்களிடம் பேச ஒரு ஆள் வேண்டும் என்றார். கோடை முடிவதற்குள் தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார். நான் கூடாரத்தில்கூட ஒருநாள் படுத்ததில்லை என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்பி விழிபிதுங்கிய அன்பர்களே, இதைப் படித்து நீங்கள் எதுவும் கற்கப்போவதில்லை. துணைக்கு இன்னொருவன் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

முதல் கேள்வி

முதல் நாள் காலை, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு ஆஸ்திரேலிய அம்மா வந்தார். வரிசையில் இருந்த ஒரு வெள்ளை வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதற்கு ஏ.டி.எம். எவ்வளவு?" என்றார். எனக்குத் தெரிந்த ஏ.டி.எம். ஒன்றுதான். ரோட்டைக் கடந்தால் பெட்ரோல் பங்க் இருக்கிறது, அதற்குள்ளே ஒன்று இருக்கிறது, ஆனால் எடுக்கும்போது கொஞ்சம் கட்டணம் பிடிப்பார்கள் என்று பொறுப்பாக வழிகாட்டினேன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னை வண்டியின் முன்பக்கம் கூட்டிப்போய், அங்கே அடித்திருந்த தகட்டைக் காட்டினார். தண்ணீர், காஸ், துணிமணி, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி அதிகபட்சம் இருக்கக்கூடிய எடைக்குத்தான் இந்தத் தொழிலில் ஏ.டி.எம். என்று பெயராம். காலி வண்டியின் எடை வேறு, இது வேறு என்று நிதானமாக விளக்கினார். நான் தலையாட்டினேன். போகும்போது என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உன் முதலாளிக்கு நான் எதுவும் சொல்ல மாட்டேன் ரவி, ஆனால் நீ அந்தத் தகட்டை இன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்."

குசினி எங்கே

சிவநேசன் அங்கிளும் ராணி அன்ரியும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பிள்ளைகள் எல்லாம் தனித்தனியாகப் போய்விட்டார்கள், இனி நாங்கள் ஊர் சுற்றப்போகிறோம் என்று வந்தார்கள். அன்ரி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தம்பி, குசினி எங்க?" என்றார். நான் வண்டியின் பின்கதவைத் தூக்கி, வெளியே இழுக்கும் அடுப்பைக் காட்டினேன். "ஓம், மீன் பொரிக்க வெளியில எண்டால் நல்லதுதான்" என்று அன்ரி சம்மதித்தார்.

அடுத்து, என்னென்ன கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். ஏ.டி.எம். கற்ற கர்வம் எனக்கு. அன்ரி சொல்லச் சொல்ல நான் போனில் கூட்டிக்கொண்டே வந்தேன். அரிசி மூட்டை, இடியப்ப உரல், பெரிய சட்டிகள், கிரைண்டர், அங்கிளுக்கு முதுகு வலிக்காத கதிரை, மழை வந்தால் இன்னொரு கதிரை. கேரம் போர்டு வரை வந்தபோது தகட்டில் இருந்த எடையைத் தாண்டிவிட்டது. அதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அங்கிள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வண்டி லைட்தான் தம்பி, நாங்கள்தான் லைட் இல்லை."

ரிவர்ஸ்

கோயம்புத்தூர்க்காரர் செந்தில், புதுக் கார் வாங்கிய சூட்டோடு மனைவி கவிதாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் எடுப்பதுதான் பயமாக இருக்கிறது என்றார். அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்லி, அவர் காரிலேயே ஒரு சின்ன வண்டியை மாட்டி நான் ஸ்டியரிங் பிடித்தேன். வண்டி வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். என் கைகளுக்குத்தான் தெரியவில்லை.

காரும் வண்டியும் முழங்கை மாதிரி மடங்கின. கேரவனின் மூலை புதுக் காரின் பம்பரை உரசி நின்றது. செந்தில் இறங்கிவந்து கீறலைத் தடவிப் பார்த்தார். காலின் ஓடிவந்து, தன் செலவில் சரிசெய்து தருவதாகச் சொன்னார். என்னை அவர் பார்த்த பார்வையிலேயே கோடை முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அப்போது கவிதா கணவரிடம் அமைதியாகக் கேட்டார்: "ஏங்க, இது அவரோட கார் இல்ல, நம்ம காருன்னு அவர்கிட்ட சொன்னீங்களா இல்லையா?"

பத்தே நிமிஷம்

ஒருமுறையாவது உள்ளே படுத்துப் பார்த்தால்தான் உனக்கு விற்க வரும் என்று காலின் ஒரு வண்டியைக் கொடுத்து அனுப்பினார். மனைவி மீனாவையும் மகள் நிலாவையும் கூட்டிக்கொண்டு ஒரு ஏரிக்கரை முகாமுக்குப் போனேன். நிறுத்திப் பத்தே நிமிஷத்தில் எல்லாம் தயாராகிவிடும் என்பது வாடிக்கையாளர்களிடம் நான் தினமும் சொல்லும் வசனம். கூரையை உள்ளிருந்து மேலே தள்ளித் தூக்க வேண்டும். தள்ளினேன். மூன்று மூலை எழும்பியது, நாலாவது எழும்பவில்லை. தோளைக் கொடுத்தேன், முதுகைக் கொடுத்தேன். மழை தூற ஆரம்பித்தது. பக்கத்து வண்டிக்காரர் கையில் காபியோடு வந்து, வெளியே இருந்த கொக்கியை ஒரு விரலால் விடுவித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை மீனா ஏரியைப் பார்த்தபடி வெகுநேரம் டீ குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு வேலை போன பிறகு அவளை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை. இந்த வேலை நிலைக்க வேண்டும் என்று அப்போதுதான் உண்மையாகவே ஆசைப்பட்டேன். நிலா கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, நீங்க அங்க வேலை பார்க்கறீங்களா, இல்ல சும்மா போய்ட்டு வர்றீங்களா?"

கடைசி வாரம்

கோடையின் கடைசி வாரத்தில் கிருபா என்ற இளைஞர் வந்தார். கைக்குழந்தை, மனைவி, சின்னக் கார். ஒரு வண்டி பிடித்துப்போய், "அண்ணை, இதையே எடுக்கிறன், எங்க கையெழுத்து?" என்றார். ஒரு வண்டியும் விற்காத எனக்கு அதைவிட இனிய வார்த்தை இல்லை. பேனாவை எடுத்துவிட்டேன். ஜன்னல் வழியே அவருடைய கார் தெரிந்தது. உங்கள் கார் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டுத் தொலைத்தேன். கையேட்டை எடுத்துவந்து பார்த்தோம். காலி வண்டியை இழுக்கும். சாமான் ஏற்றினால் இழுக்காது. மலைப்பாதையில் இறக்கத்தில் என்ன ஆகும் என்று என் வாயாலேயே சொன்னேன். கிருபா குழந்தையைப் பார்த்தார். "வேற கார் வாங்கினாப் பிறகு வாறன் அண்ணை" என்று போய்விட்டார்.

பேனாவை மூடினேன். திரும்பினால், காலின் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் மேஜையில் இருந்த பொருட்களைப் பைக்குள் எடுத்துவைக்க ஆரம்பித்தேன். அவர் தாடையைச் சொறிந்தபடி சொன்னார்: "நீ எனக்கு ஒரு வண்டியும் விற்றுத் தரவில்லை, ஆனால் கோர்ட்டுக்கும் இழுத்துப் போகவில்லை, திங்கட்கிழமை சீக்கிரம் வா, ரிவர்ஸ் எடுக்கக் கற்றுத் தருகிறேன்."

இந்த யார்டில் உண்மையிலேயே எடை குறைந்தது என்று நான் அடித்துச் சொல்லக்கூடியது, என் வாய்ச்சவடால் ஒன்றுதான்.